பதினோரு முறுக்காணி

ஷார்ஜா, தொழிற்பேட்டை பத்து.
டயர்க் கடைக்கும் ரேடியேட்டர்க் கடைக்கும் நடுவே
பலகை மாட்டாத ஷட்டர்.
உள்ளே ஏசி எப்போதும் இருபத்துநான்கில் நிற்கும்,
மரத்தின் தயவில் நானும் குளிர்ந்தேன்.

ஊது என்றால் அதுவரை எனக்கு
மால் வாசலில் மணக்கிற புகை.
உஸ்தா ஹிக்மத்துக்கு அது
மடியில் சாய்த்து மீட்டுகிற வாத்தியம்.
அரபியில் இரண்டுக்கும் ஒரே சொல்,
அந்தச் சொல்லுக்கு அர்த்தம் மரம்,
வெறும் மரம் என்றார்.
மோசூல்காரர். பாதி இந்தி, பாதி அரபி,
மீதிக்குப் புருவம்.

முதல் நாள் ஒரு கட்டையைக் கையில் தந்தார்.
முழங்கை நீளம்கூட இல்லை, இரும்பாய்க் கனத்தது.
பக்கெட் தண்ணீரில் போடச் சொன்னார்.
கொஞ்சமும் யோசிக்காமல்
அடியில் போய் உட்கார்ந்தது.
"உங்கள் பக்கத்து மரம்.
உன் மொழியில் இதற்கு என்ன பெயர்?"

தெரியும்.
ஒருமுறை என்னை அழைத்த பெயர்.

சஜா கேம்ப். நாலு மாதச் சம்பளம் பாக்கி.
இருநூற்றுப் பன்னிரண்டு பேர்
விடிகாலை நாலு மணி பஸ்ஸில் ஏறாமல்
மண்ணில் உட்கார்ந்தோம்.
மூன்றாம் நாள் நான் எழுந்தேன்.
காரணம் சொன்னால் மன்னித்துவிடுவீர்கள்,
அதனால் சொல்லப்போவதில்லை.
அறுபது சீட்டில் நான் ஒருவன்.
ஜன்னலுக்கு வெளியே இன்னாசி,
என் தலைக்கு மேல்கட்டிலில் இரண்டு வருஷம் குறட்டை விட்டவன்.
கண்ணாடி மூடியிருந்தது, சத்தம் வரவில்லை.
உதட்டிலேயே படித்துவிட்டேன்,
ஐந்தெழுத்து.

எண்பது நாள் கழித்துச் சம்பளம் வந்தது,
எனக்கும் சேர்த்து.
வரிசையில் நின்று கையெழுத்துப் போட்டு வாங்கினேன்.
ஊருக்கு ஏற்றப்பட்ட ஒன்பது பேர் பட்டியலில்
இன்னாசி நாலாவது.

"மறந்துபோச்சு" என்றேன் உஸ்தாவிடம்.

தேக்கைக் கடைந்தால் சுருள் சுருளாய் விழும்,
குழந்தை மயிர் மாதிரி.
இது பொடியாகத்தான் உதிரும். கரிப்பொடி.
ஒரு முறுக்காணி முடிவதற்குள்
உளியை இரண்டுதரம் தீட்ட வேண்டும்.
சாயங்காலம் மூக்கைச் சிந்தினால்
கைக்குட்டையில் மை.
ஒரு ஊதுக்குப் பதினோரு தந்தி,
பதினோரு தந்திக்குப் பதினோரு முறுக்காணி.
சாவி என்பார் அவர். எண்ணிக் கொடுப்பேன்.

ஆகஸ்டில் கல்பாவிலிருந்து ஒரு பெண் வந்தாள்,
தோளில் ஊது, காரில் அழுகிற பிள்ளை.
சுருதி நிற்கவில்லையாம்.
சேர்த்து வைத்தால் ஒரு பாட்டுக்குள் இறங்கிவிடுகிறதாம்.
உஸ்தா ஒரு முறுக்காணியை உருவி என்னிடம் நீட்டினார்.
ஏழு வருஷத்துக்கு முந்தியது.
நேற்றுக் கடைந்தது போல் இருந்தது,
விளிம்பு மழுங்கவில்லை, பளபளப்பு போகவில்லை.
பெருமையாய்ச் சிரித்தேன்.

"அங்கே பார்க்காதே. இங்கே பார்."
டார்ச்சை ஓட்டைக்குள் பிடித்தார்.
வட்டமாய் இருந்த ஓட்டை
முட்டை வடிவில் அகன்றிருந்தது.
"இந்த மரம் தேயாது.
தன்னைப் பிடித்துக்கொண்டிருப்பதைத் தேய்க்கும்."

தொழில் பேச்சு. அதற்குமேல் அதில் ஒன்றும் இல்லை.
அவருக்கு சஜாவும் தெரியாது, இன்னாசியும் தெரியாது.
ஓட்டைகளை மெல்லிய மரத்தால் அடைத்து,
மறுபடி துளைத்து,
சாக்கும் சோப்பும் தடவிக் கொடுத்தோம்.
எழுபது திர்ஹம். பிள்ளை தூங்கியிருந்தது.

ராத்திரி அறைக்குப் போய்
பழைய நம்பருக்கு ஒரு வணக்கம் அனுப்பினேன்.
ஒற்றை டிக்.
இன்றும் ஒற்றை டிக்தான்.

மறுநாள் டீ குடிக்கும்போது நானாகவே சொன்னேன்,
"உஸ்தா, அந்த மரம், கருங்காலி."
"கரன்காலி" என்றார். இரண்டுமுறை சொல்லிப் பார்த்தார்.
அர்த்தம் கேட்டார்.
கால் கறுப்பு என்றேன்,
பிறகு, ஆளையும் அப்படிச் சொல்வதுண்டு என்றேன்.
எப்படிப்பட்ட ஆளை என்று அவர் கேட்கவில்லை.
டீயை வைத்துவிட்டு
சாக்கட்டி எடுத்துப் போய்
மரப்பெட்டியின் மேல் எழுதினார்.

வலமிருந்து இடமாக, ஒரு ஒலி குறைவாக,
அது இப்போது அங்கே இருக்கிறது.
எட்டு மணிக்கு ஷட்டரைத் தூக்கியதும்
முதல் கட்டையை
அதிலிருந்துதான் எடுக்கிறேன்.